ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணிச் சூளை

பீங்கானைப் பீங்கானால் மெல்லத் தட்டினால் ஒரு சத்தம் வரும். நல்ல சரக்கென்றால் அது இழுபட்டு, மெலிந்து, எங்கே முடிந்தது என்று தெரியாமல் முடியும். உள்ளே கீறல் இருந்தால் தொண்டை கட்டியவர் கூப்பிட்டது போலச் சட்டென்று நின்றுவிடும். விருத்தாசலத்தில் எங்கள் தெருமுனைப் பட்டறையில் காலையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மின்சாரப் பீஸ் கட்டைகளைத் தட்டிப் பிரித்துப் போடுவார்கள். ஐம்பத்து மூன்று வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்குள் உட்காரத் தெரியாமல் அறைக்கு அறை நடந்துகொண்டிருக்கும் எனக்கு, அந்தச் சத்தம் வெயிலோடு சேர்ந்து ஜன்னல் வழியாக வந்து விழுகிறது. சில நாள் அது ஆஸ்பத்திரி வார்டின் சத்தம் போலவும் கேட்கிறது. எஃகுத் தட்டில் கத்தரிக்கோல் வைக்கிற சத்தம்.

போன வாரம் அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் போன் வந்தது. என்னோடு வேலை பார்த்த இளம் டாக்டர். இப்போது மேல்படிப்பில் சேர்ந்திருக்கிறாள், மூன்று வயதில் பையன்.

"மேடம், கெளம்பும்போது அழுவுறான். அதனால அவன் டி.வி. பாக்குற நேரமாப் பாத்து பின்வாசல் வழியா வந்துடுறேன். நீங்க அப்ப என்ன பண்ணீங்க?"

"நானும் அதைத்தாம்மா பண்ணேன்."

"அப்புறம்?"

அந்த "அப்புறம்" போனை வைத்த பிறகும் வீட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

கருவேப்பிலங்குறிச்சியில் கரும்பும் நெல்லும் போட்ட வீட்டில் பிறந்தவள் நான். எம்.பி.பி.எஸ். படித்த வருடங்களைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. எலும்புகளின் பெயர்கள், ஃபார்மலின் வாசனை, ஹாஸ்டல் சாம்பார், இவை கலந்த ஒரு நீண்ட மழைக்காலம் போல அது போய்விட்டது. முடித்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை. அத்தை மகன் நடேசனைக் கட்டிக்கொண்டேன். அவர் செராமிக் டிப்ளமா படித்துவிட்டு, பொம்மையும் பீஸ் கட்டையும் செய்கிற ஒரு சின்னப் பட்டறையில் சூளைப் பொறுப்பில் இருந்தார். "டாக்டரம்மாவுக்குப் பொம்மக் கம்பெனி மாப்புளையா" என்று கல்யாணப் பந்தியிலேயே ஒருவர் கேட்டார். "ஆமாங்க, ஒடைஞ்சா ஒட்ட வெக்கத்தான் டாக்டரக் கட்டியிருக்கேன்" என்று, மாப்பிள்ளையாய் இருந்தும் பரிமாறிக்கொண்டிருந்த இவர் சாம்பார் வாளியோடு நகர்ந்துவிட்டார்.

கயல் பிறந்து நாலு வயதானபோது, இரண்டாயிரத்து நான்கில், குழந்தை மருத்துவ மேல்படிப்புக்கு இடம் கிடைத்தது. கல்லூரி இருந்த ஊர், சேத்தியாத்தோப்பில் பஸ் மாறி, மூன்றரை மணி நேரம். என் அம்மா இல்லை. மாமியாரும் இல்லை. கயலை யார் பார்ப்பது என்று நான் கேட்டதற்கு நடேசன் கேட்ட ஒரே கேள்வி, "நான் யாரு?" என்பதுதான். பள்ளிவிட்டதும் அவள் பட்டறைக்கு வருவாள், காயப்போட்ட பொம்மைகளுக்கு நடுவில் ஒரு சாக்கில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவாள் என்று முடிவானது.

வாரம் முழுவதும் ஹாஸ்டல். டியூட்டி இல்லாத சனிக்கிழமை வார்டு முடிந்து ஓடி, சாயங்காலம் வீட்டில் இருப்பேன். ஞாயிறு பிற்பகல் இரண்டேகால் பஸ். இடையில் இருந்த அந்த ஒரு நாளைக்கு வெளிச்சம் வேறு மாதிரி. கயலின் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே புத்தகம் படிப்பேன். அவள் என் புடவை நுனியைத் தன் விரலில் சுற்றி, அவிழ்த்து, சுற்றிக்கொண்டிருப்பாள். நான் மண்ணீரல் பற்றிப் படித்தேன் என்றால் அவளும் "மண்ணீரல், மண்ணீரல்" என்று பாடுவாள். அரைத்தூக்கத்தில் பார்க்கிற படம் போல இருக்கும் அந்த ஞாயிறு.

முதல் இரண்டு ஞாயிறும் அவள் என் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். இரண்டாம் முறை நான் பஸ்ஸைத் தவற விட்டேன். மூன்றாம் ஞாயிறுதான் அந்த யோசனை வந்தது. யாருக்கு முதலில் வந்தது என்று இன்றைக்கும் எங்களுக்குள் தகராறு.

வியாழக்கிழமை சூளையில் சரக்கு அடுக்குவார்கள். வெள்ளியன்று எரிப்பு. பிறகு வாசலைக் கல் வைத்து அடைத்தபடியே ஆறவிட வேண்டும். அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டு மொத்தச் சரக்கும் வெடித்துவிடும். ஞாயிறு இரண்டு மணிக்குத்தான் வாசல் கற்களை ஒவ்வொன்றாக எடுத்து, சூளை பிரிப்பார்கள். அதைப் பார்க்க எந்தக் குழந்தைக்குத்தான் ஆசை இருக்காது? இருட்டுக்குள்ளிருந்து கதகதப்பாகக் காற்று வரும். கிளியும் வாத்தும் பிள்ளையாரும் பளபளவென்று ஒருவர் பின் ஒருவராக வெளியே வருவார்கள்.

"கயலு, சூளை பிரிக்கப் போறாங்க, வரியா? மொதல்ல வர பொம்ம ஒனக்கு" என்பார் நடேசன்.

சைக்கிள் முன்கம்பியில் ஏறிக்கொள்வாள். அவர்கள் திருப்பத்தில் மறைந்ததும் நான் பையை எடுத்துக்கொண்டு எதிர்ப்பக்கமாக நடப்பேன். அழுகை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை. பஸ் வெள்ளாற்றுப் பாலத்தைக் கடக்கும்போது, பரவாயில்லை, கெட்டிக்காரத்தனமாகச் செய்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வேன். ஜன்னல் மேடையில் பொம்மைகள் நான் வந்த வாரத்துக்கு ஒன்றாகக் கூடின.

எங்கள் பேராசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒல்லியானவர். வார்டுக்குள் நுழைந்ததும் நீண்ட நேரம் கை கழுவுவார். விரல் இடுக்குகளை ஏதோ தொலைந்ததைத் தேடுவது போலக் கழுவுவார். ஸ்டெதஸ்கோப்பின் வட்டத்தை உள்ளங்கையில் வைத்துச் சூடேற்றிக்கொண்டுதான் குழந்தையின் நெஞ்சில் வைப்பார். இரண்டு வயதுக் குழந்தையையும் "நீங்க" என்பார். "நீங்க என்ன சாப்ட்டீங்க? பிஸ்கட்டா? எத்தனை?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பார். எங்களிடம் கோபம் வந்தால் குரல் உயராது, இன்னும் தாழும். அடிக்கடி "டாக்டர்" என்பார். அந்த மரியாதை ஏற ஏற நாங்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒதுங்குவோம்.

அவரை நான் நல்லவர் என்றே சொல்லிவிட முடியாது. சனிக்கிழமை ரவுண்டில் ஒருமுறை எல்லோர் முன்னாலும், "டாக்டர், உங்க காது குழந்தைகிட்ட இருக்குது, கண்ணு மட்டும் கடிகாரத்துல இருக்குது" என்றார். கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் அன்றைக்கு பஸ்ஸில் முழுத் தூரமும் அழுதேன்.

இரண்டாம் வருடத்தின் நடுவில் கயல் மாறினாள். அழவில்லை. ஆனால் சனிக்கிழமை நான் வந்து நின்றால் ஓடிவருவதும் இல்லை. கூப்பிட்டால் வருவாள், பக்கத்து வீட்டுக்காரியிடம் வருகிற மாதிரி. எண்ணெய் வைக்கப் போனால், "அப்பா வெச்சிட்டாரு" என்பாள். ஒரு சனிக்கிழமை ஜன்னல் மேடையில் பொம்மைகள் அத்தனையும் சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தன.

"யாரு இப்பிடி வெச்சது?"

"நான்தான். அதுங்க என்னப் பாக்க வேணாம்."

மறுநாள் வழக்கம்போல அவளை அழைத்துக்கொண்டு இவர் போனார். நான் வழக்கம்போல பஸ் ஏறினேன். ஹாஸ்டல் வாசலில் இருந்த காயின் போனில் பேசியபோது நடேசனின் குரல் சரியில்லை.

"அரசி, இன்னிக்கு கல்ல எடுத்ததும் உள்ள தலைய வுட்டுட்டா. இழுத்துப் புடிச்சிட்டேன், ஒண்ணும் ஆவல. ஆனா உள்ளப் பாத்து அம்மா அம்மான்னு கூப்புடுறா. ஏன்டின்னு கேட்டா, 'இத தெறந்தாதான அம்மா காணாமப் போறாங்க, உள்ளதான் இருப்பாங்க'ன்னு சொல்லுது புள்ள."

ஒரு ரூபாய் தீர்ந்து போன் நின்றுவிட்டது. அடுத்த காயின் போடவில்லை. கையில் இருந்தது.

அன்றே கடிதம் எழுதினேன். குடும்பச் சூழ்நிலை காரணமாகப் படிப்பிலிருந்து விலகிக்கொள்ள அனுமதி வேண்டுகிறேன். பத்து வரிக்குள் முடிந்துவிட்டது. திங்கட்கிழமை ரவுண்டு தொடங்குமுன் பேராசிரியரிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார்.

"குழந்தைக்கு ஒடம்பு சரியில்லையா?"

"நல்லாதான் இருக்குது சார்."

"சாப்புடுறாங்களா?"

"சாப்புடுறா."

"தூங்குறாங்களா?"

"பொம்மையெல்லாம் செவுத்தப் பாத்துத் திருப்பி வெச்சிட்டுத் தூங்குறா சார்."

கடிதத்தை மடித்து என்னிடமே நீட்டினார். "இதுல தேதி இல்ல டாக்டர். தேதி போட்டு எடுத்துட்டு வாங்க. பதினொண்ணாம் பெட்டு எக்ஸ்ரே வந்துடுச்சான்னு பாருங்க."

அவர் மனதில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. விதிமுறையைத்தான் சொன்னாரோ என்னவோ.

பதினொன்றாம் கட்டிலில் இருந்தவள் சத்யா. ஆறு வயது. சேத்தியாத்தோப்புப் பக்கம் நடவுக்குப் போகிற ஒரு பெண்ணின் மகள். பத்து நாள் காய்ச்சலுக்குப் பிறகு வந்திருந்தாள். வலது பக்கமாகச் சாய்ந்தே உட்காருவாள். முதுகில் விரல் வைத்துத் தட்டினால் இடது பக்கம் காற்றாக ஒலித்தது. வலது பக்கம், தோள் எலும்புக்குக் கீழே, கீறல் விழுந்த சரக்கு. எக்ஸ்ரேயில் அந்தப் பாதி நெஞ்சு முழுக்க வெள்ளை. நுரையீரலைச் சுற்றிச் சீழ்.

ஊசி போட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். குழந்தையைத் தலையணை மேல் முன்னால் குனிய வைத்து, கையைத் தூக்கித் தலைமேல் வைக்க வேண்டும். விலா எலும்பின் மேல்விளிம்பை ஒட்டித்தான் ஊசி இறங்க வேண்டும். கீழ்விளிம்பில் இரத்தக்குழாய் ஓடுகிறது. முதலில் மரத்துப்போகும் மருந்து. அதுவே எரியும். குழந்தை திமிறினால் ஊசி நுரையீரலைக் குத்தும். அதனால் எங்களுக்குள் ஒரு வழக்கம் இருந்தது. அம்மாவை டீ வாங்க அனுப்பிவிடுவோம். குழந்தையிடம், "போட்டோ எடுக்கப் போறோம், முதுகக் காட்டு" என்போம். எக்ஸ்ரே எடுத்த குழந்தைக்கு அந்தப் போட்டோ பற்றிப் பயமில்லை.

அன்று நானும் அதைத்தான் சொன்னேன். சத்யா சமர்த்தாகக் குனிந்தாள். தலையைத் திருப்பி, "சிரிக்கணுமாக்கா?" என்றுகூடக் கேட்டாள்.

ஊசியில் மஞ்சள் சீழ் வந்தது. அவள் போட்ட சத்தம் வராந்தா முழுக்கக் கேட்டது. சாயங்காலத்துக்குள் விலா இடுக்கில் குழாய் வைத்து, அதன் மறுமுனையைக் கட்டிலுக்குக் கீழே தண்ணீர் பாட்டிலுக்குள் விட்டாயிற்று. குழந்தை மூச்சு விட்டால் குழாய்க்குள் தண்ணீர் ஏறி இறங்க வேண்டும். சுருங்கிக் கிடக்கிற நுரையீரல் விரிய வேண்டும் என்றால் அவள் ஆழமாக மூச்சு விட வேண்டும், பலூன் ஊத வேண்டும்.

அவள் ஊதவில்லை. என்னைக் கண்டாலே மூச்சை அடக்கிக்கொண்டாள். தண்ணீர் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. மாட்டுக் கண் போல வெறித்துக்கொண்டு நின்றது. மறுநாள் எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போக வந்த ஆளிடம், "போட்டோ வேணாம், போட்டோ வேணாம்" என்று கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் கதறியதைப் பேராசிரியர் பார்த்தார்.

"யார் எடுத்தது போட்டோ?"

"நான்தான் சார்."

"நல்லா வந்துதா டாக்டர்?"

அவ்வளவுதான். அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அறுவை சிகிச்சைக்காரர்கள் வந்து பார்த்து, ஒரு வாரத்தில் நுரையீரல் விரியாவிட்டால் நெஞ்சைத் திறக்க வேண்டியிருக்கும் என்று எழுதிவிட்டுப் போனார்கள். அவள் அம்மா என்னிடம் வந்து, "நீங்களாச்சும் சொல்லிப் பாருங்கம்மா, எங்கிட்டயும் பேச மாட்டேங்குது. நான் டீ வாங்கப் போனதத் தெரிஞ்சிக்கிட்டு, நீயும் சேந்துதான செஞ்சேன்னு கேக்குது" என்றாள்.

வியாழக்கிழமை மதியம். வார்டில் எல்லோரும் சோற்றுக்குப் போயிருந்தார்கள். மின்விசிறியின் நிழல் சுவரில் சுற்றிக்கொண்டிருந்தது. கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, அவள் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். ஊசி, கத்தரி எதுவும் இல்லை என்று இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். எனக்கு அந்த முதுகைத் தெரியும். ஜன்னல் மேடையில் பார்த்திருக்கிறேன்.

"சத்யா, அன்னிக்கு நான் போட்டோன்னு சொன்னது பொய்யி."

போர்வையைத் தோள்வரை இழுத்துக்கொண்டாள்.

"ஊசி போடத்தான் வந்தேன். வலிக்கும்னும் தெரியும்."

சுவரிடமே கேட்டாள். "அப்ப எதுக்கு பொய்யி சொன்ன?"

"நீ அழுவியேன்னு."

"அழுதா என்னா?"

முப்பத்து மூன்று வயது எனக்கு. ஒரு டிகிரி முடித்தவள். அழுதால் நுரையீரலுக்கு நல்லதுதான் என்று எங்கள் புத்தகத்தில்கூட இருக்கிறது. அழுதால் எனக்குத்தான் தாங்காது. அதைச் சொன்னேன். "நீ அழுதா எனக்குக் கஷ்டமா இருக்கும். அதான்."

அவள் திரும்பிப் பார்த்தாள். என்னை அளந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"இந்தக் கொழா எடுக்கும்போது வலிக்குமா?"

"வலிக்கும். கொஞ்ச நேரம். ஆனா சொல்லிட்டுத்தான் எடுப்போம்."

"இப்ப போட்டோக்குப் போனா?"

"அது வலிக்காது. அது நெஜமாவே போட்டோ."

"நீயும் வா."

போனேன். ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றேன். அடுத்த நாள் சிவப்பு பலூன் ஒன்றைக் கன்னம் உப்ப ஊதினாள். பாதி ஊதும்போதே இருமினாள், வலித்தது, அழுதாள், அழுதபடியே மறுபடியும் ஊதினாள். கட்டிலுக்குக் கீழே குனிந்து பார்த்தேன். குழாய்க்குள் தண்ணீர் ஒரு விரற்கடை ஏறி, இறங்கி, மறுபடி ஏறியது. அதைப் போல அமைதியான ஒன்றை நான் பார்த்ததில்லை. அந்த வார இறுதி எனக்கு டியூட்டி, ஊருக்குப் போகவில்லை. தரையில் உட்கார்ந்து அந்தத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். திங்கட்கிழமை எக்ஸ்ரேயில் வெள்ளைக்கு நடுவில் கறுப்பு இறங்கியிருந்தது. நெஞ்சைத் திறக்க வேண்டாம் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

கடிதம் கோட்டுப் பையிலேயே கசங்கிக்கொண்டிருந்தது. தேதி போட வேண்டுமா வேண்டாமா என்பதை ஊருக்குப் போய்ப் பார்த்துத்தான் முடிவு செய்வது என்றிருந்தேன்.

அடுத்த வாரம் ஊருக்குப் போனபோது, ஞாயிறு காலையில் நடேசனிடம் சொன்னேன்.

"இன்னிக்கு கயல சூளைக்குக் கூட்டிப் போவாதீங்க. பஸ் ஸ்டாண்டுக்கு கூட்டியாங்க."

"ஊரே பாக்குற மாதிரி அழும் அரசி."

"அழுவட்டும்."

"நீயும் அழுவ."

"நானுந்தான்."

கயல் கூடத்தில் உட்கார்ந்து கலர் பென்சில் சீவிக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அம்மா சூளைக்குள்ள போவல கயலு. நீ அங்க பொம்ம பாத்துக்கிட்டு இருக்கறப்ப நான் பஸ் ஏறிப் போயிடுவேன். ஒங்கிட்ட சொல்லாம நாங்க பண்ணது. தப்புதான்."

அவள் பென்சிலை வைத்துவிட்டு அப்பாவைப் பார்த்தாள். "நீயுமா?"

நடேசன் மேலே ஓட்டைப் பார்த்தார்.

"இன்னிக்கு சூளை பிரிக்கிறாங்களா?"

"பிரிக்கிறாங்க. நாம போவல."

"அப்ப நீ காணாமப் போவ மாட்டியா?"

"போவேன். ஆனா காணாமப் போவ மாட்டேன். நீ பாத்துக்கிட்டே இருக்கும்போது பஸ்ஸுல போவேன்."

அதை அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. ஆனால் செருப்பைத் தானே போட்டுக்கொண்டாள். வழியெல்லாம் என் கையைப் பிடிக்கவில்லை, பையின் வாரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பஸ் ஸ்டாண்டில் வெயில் தாரை உருக்கிக்கொண்டிருந்தது. வேர்க்கடலைக்காரர், முறுக்குக்காரர், ஸ்ரீமுஷ்ணம் டவுன் பஸ்ஸின் ஹாரன். எங்கள் பஸ் வந்து நின்றதும் அவள் அழத் தொடங்கினாள். ஒன்றரை வருடம் சேர்த்து வைத்த அழுகை. சட்டையைக் கவ்விக்கொண்டு, எச்சில் வழிய, தரையில் உட்கார்ந்து. "என்னாம்மா, புள்ளய அடிச்சியா?" என்று ஒரு கிழவர் கேட்டார். வேட்டியும் புடவையுமாகச் சுற்றி நின்றவர்களுக்கு நடுவில் நான் அவளோடு தரையில் உட்கார்ந்தேன். சமாதானம் எதுவும் சொல்லவில்லை. அடுத்த சனிக்கிழமை டியூட்டி என்பதை மட்டும் சொன்னேன்.

"அதுக்கடுத்த சனிக்கெழமதான் வருவேன் கயலு."

அழுகை இன்னும் ஒரு சுற்று ஏறியது. பிறகு விக்கலுக்கு நடுவில், "எத்தினி தூக்கம்?" என்றாள்.

"பதிமூணு."

கண்டக்டர் விசில் ஊதினார். கடைசிவரை தேதி போடாத அந்தக் கடிதத்தோடு ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இவர் அவளைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு நேராக வந்து நின்றார். அவள் முகம் எனக்குச் சமமாக இருந்தது. கன்னமெல்லாம் புழுதியும் கண்ணீரும். வெளியே கை நீட்டினேன். பிடித்துக்கொண்டாள். பஸ் அசைந்ததும் அவளாகவே விட்டாள்.

"போயிட்டு வரேன் கயலு."

"நீ போம்மா. நான் இன்னும் கொஞ்சம் அழுதுட்டு வூட்டுக்குப் போறேன்."